மண்ணும் தீயும் மனிதத் தேர்வும்: பிசென் மட்கலக் கலையின் மறுபிறப்பு

ஜப்பானிய மட்கலக் கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கின்றனர். அந்நாட்டுக் குயவர் இயற்கையோடு ஒன்றியவர், மண்ணை வற்புறுத்தாதவர், நெருப்பின் போக்கில் கலத்தை விட்டுவிடுபவர் என்பது அம்முடிவு. கேட்பதற்கு இனிய கூற்றுதான். ஆனால் வரலாற்றின் முன் நிறுத்திப் பார்க்கையில் இதில் பாதி உண்மையே தேறுகிறது. இயற்கையோடு கொண்ட அந்த உறவு வழிவழியாகத் தானே வந்து சேர்ந்த சொத்தன்று. ஒரு காலத்தில் அது ஏறத்தாழக் கைநழுவிப் போயிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் சிலர் தெரிந்தே முடிவுசெய்து அதை மீட்டனர். அந்த மறுபாதியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்ளும் கலைஞர் இசேசாகி ஜுன். ஒகாயாமா மாநிலத்து பிசென் வட்டாரத்தில், இன்பே என்னும் குயவர் ஊரில், 1936இல் பிறந்தவர். தந்தை இசேசாகி யோசானும் குயவரே. 2004இல் ஜப்பானிய அரசு ஜுன்னைப் பிசென் கலையின் காப்பாளராக அறிவித்தது; மக்கள் வழக்கில் 'வாழும் தேசியச் செல்வம்' எனப்படும் சிறப்பு அது. அவருடைய கலங்களைப் புரிந்துகொள்ள, அவருக்கு முன் நின்ற இருவரையும், அவர்களுக்கும் முன்பிருந்த மண்ணையும் நாம் அறிந்தாகவேண்டும்.

கலமும் அதன் நிலமும்

பிசென் கலத்தைக் கையில் எடுப்பவர் முதலில் உணர்வது அதில் இல்லாதவற்றையே. வண்ண ஓவியம் இல்லை. கண்ணாடிபோல் படிந்து பளபளக்கும் மெருகுப்பூச்சு இல்லை. செம்பழுப்பு மேனி; அதன் தோளில் மஞ்சள் படர்ந்த புள்ளிகள்; அடிப்புறத்தில் சாம்பல் கலந்த நீலம்; சிலவற்றில் நெருப்புக் கயிறு சுற்றியதுபோல் சிவந்த கோடுகள். இவற்றுள் ஒன்றும் தூரிகையால் இடப்பட்டதன்று.

இந்த எளிமையின் வேர் மண்ணில் இருக்கிறது. 'ஹியோசே' என அழைக்கப்படும் அக்களிமண், நெல்வயல்களுக்கு அடியில் சில மீட்டர் ஆழத்தில் கிடைப்பது. மலைகளிலிருந்து நீர் அரித்துவந்து நெடுங்காலம் படியவைத்த மண் அது. அறுவடை முடிந்த குளிர்காலத்தில் வயலின் மேல்மண்ணை ஒதுக்கி அதைத் தோண்டி எடுக்கின்றனர். வெயிலிலும் மழையிலும் பனியிலும் கிடத்திப் பதப்படுத்துகின்றனர். பிசுபிசுப்பும் இரும்புச் சத்தும் மிக்கது. உலரும்போதும் சுடும்போதும் மிகுதியாகச் சுருங்குவது. வெப்பம் திடீரென ஏறினால் வெடித்துவிடுவது. இத்தகைய மண்ணின்மேல் மெருகுப்பூச்சு எளிதில் பற்றி நிற்பதில்லை. சூளையையும் அவசரப்படுத்த இயலாது. செம்பைன் விறகை இரவுபகலாக இட்டு, பத்து நாள் முதல் இரு வாரம் வரை, 1200 பாகை செல்சியசுக்கு மேல் மெல்ல மெல்ல வெப்பத்தை ஏற்றவேண்டும். எனவே, பூச்சின்றிச் சுடும் வழக்கம் ஓர் அழகியல் கொள்கையாகத் தொடங்கியதன்று. மண்ணின் குணம் இட்ட கட்டளைக்குக் குயவர் பணிந்ததன் விளைவு அது.

கலத்தின் மேலுள்ள குறிகளுக்கு அவ்வூரார் இட்ட பெயர்கள் அடுக்களையிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தவை. விறகின் சாம்பல் காற்றோடு பறந்து கலத்தின் தோளில் படிந்து உருகி உண்டாகும் புள்ளிகளுக்கு 'கோமா' என்று பெயர். அதன் பொருள் எள். ஒரு கலத்தின்மேல் மற்றொன்றை வைத்துச் சுடும்போது தீ தீண்டாமல் வட்டமாக எஞ்சும் இடத்துக்குப் 'போத்தாமோச்சி' என்னும் அரிசிப் பணியாரத்தின் பெயர். சிவந்த கோடுகளின் கதை இன்னும் சுவையானது. அடுக்கிய கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதிருக்க இடையில் வைக்கோல் வைக்கும் வழக்கம் இருந்தது. வைக்கோலிலுள்ள பொட்டாசியம் மண்ணோடு வினைபுரிய, அது பட்ட இடங்களில் இரும்பு ஆக்சைடு படிகங்கள் தோன்றிச் சிவந்தன என்று ஆய்வாளர் பிற்காலத்தில் விளக்கினர். கலம் ஒட்டக்கூடாது என்று வைத்த வைக்கோல் கலத்துக்கு அணியாயிற்று. நெல்லின் அடியில் கிடந்த மண்ணின்மேல் நெல்லின் தாளே கோடு கிழித்தது எனலாம்.

தேநீர்க் குருமார் கண்ட அழகு

ஐந்தாம் நூற்றாண்டில் கொரியத் தீபகற்பத்திலிருந்து ஜப்பானுக்கு வந்த, உயர்வெப்பத்தில் சுடும் 'சூயே' மட்கல மரபே பிசென் கலையின் முன்னோடி. பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் இன்பேயைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் சூளைகள் எழுந்தன. அங்கு வனையப்பட்டவை கலைப்பொருள்கள் அல்ல. விதை சேமிக்கும் சாடிகள், நீர்த்தொட்டிகள், உள்ளே வரிவரியாகக் கீறப்பட்ட அரைகலங்கள் ஆகியவையே மிகுதி. பதினாறாம் நூற்றாண்டில் ஊருக்குத் தெற்கிலும் வடக்கிலும் மேற்கிலும் பொதுச்சூளைகள் அமைந்தன. தெற்குச் சூளையின் நீளம் ஏறத்தாழ 54 மீட்டர். ஒரு குடும்பத்தின் உடைமையாக இராமல், பல குடும்பத்தார் கூடிச் சுட்ட பெருஞ்சூளைகள் அவை.

உழவர் வீட்டுச் சாடிக்குள் அழகு இருக்கிறது என்று முதலில் கண்டவர்கள் தேநீர்க் கலையின் குருமார். சீனத்து மெருகேறிய கலங்களையே உயர்வாகக் கருதிய காலத்தில், பிசென், ஷிகாராகி ஆகிய ஊர்களின் கரடுமுரடான கலங்களை அவர்கள் தேநீர்க் கூடத்துக்குள் கொண்டுவந்தனர். முரதா ஜுகோ (1423-1502) தொடங்கிவைத்த அவ்வழி, சென் நோ ரிக்யூ (1522-1591) காலத்தில் உச்சத்தை அடைந்தது. மொமொயாமா காலம் எனப்படும் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கமும் பிசென் கலையின் பொற்காலமாயின.

இங்கே கவிஞர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜுகோ தம் மாணவர் ஒருவருக்கு எழுதியதாகப் போற்றப்படும் மடலில், தேநீர்க் கலையைப் புதிதாகத் தொடங்கியவர்கள் பிசென், ஷிகாராகி கலங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, குளிர்ந்து வாடிய அழகின் நிலையை எய்திவிட்டதாகப் பாவனை செய்வதைக் கடிந்துரைக்கிறார். நல்ல பொருள்களை உள்ளபடி அறிந்து, அவற்றின் சுவையில் தோய்ந்து முதிர்ந்தபின் வரவேண்டிய எளிமை அது என்பது அவர் கருத்து. எளிமையைக் கண்டறிந்தவரே, அது வேடமாகிவிடக்கூடும் என்பதையும் உடனே கண்டார். இயற்கையானது என்று நாம் போற்றும் அழகுக்குப் பின்னே நெடிய பயிற்சி இருக்கவேண்டும் என்ற எச்சரிக்கை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அக்கலையின் வாசலில் எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

மறதியும் மீட்பும்

பொற்காலம் நீடிக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிதா வட்டாரத்தில் வெண்பீங்கான் செய்யும் கலை வேரூன்றியது. வெண்மையும் மென்மையும் ஓவியமும் நாடப்பட்டன. இன்பேயின் குயவர் ஒகாயாமா சிற்றரசின் ஆதரவில் பிழைத்தனர். ஆனால் அவர்கள் கைத்திறன் நுண்ணிய பதுமைகள் பக்கம் திரும்பியது. தெய்வ உருவங்கள், விலங்குகள், பறவைகள் எனச் சிற்றுளியால் செதுக்கியவை போன்ற வடிவங்கள் பெருகின. 1868இல் மெய்ஜி ஆட்சி மாற்றத்தோடு சிற்றரசின் ஆதரவும் முடிந்தது. பின்னர்ச் செங்கற்களும் கழிவுநீர்க் குழாய்களும் அவ்வட்டாரச் சூளைகளில் வெந்தன. மண்ணும் தீயும் பழையபடியே இருந்தன. அவற்றோடு பேசும் மொழிதான் மறந்துபோயிற்று.

அம்மொழியை மீட்டவர் கனேஷிகே தோயோ (1896-1967). இன்பேயின் பழைமையான சூளைக் குடும்பங்களுள் ஒன்றில் பிறந்த இவர், இளமையில் பதுமை செய்வதில் தேர்ந்தவராகப் பெயர்பெற்றிருந்தார். அந்தப் புகழையும் வருவாயையும் விட்டுவிட்டு, மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய மொமொயாமாக் கலங்களின் மறைபொருளைத் தேடத் தொடங்கினார். எந்த மண், எப்படிப் பதப்படுத்தியது, சூளையின் எந்த இடத்தில் எவ்வாறு வைத்தது, விறகு எப்போது எவ்வளவு இட்டது என்பனவற்றை அவருக்குச் சொல்ல ஆளில்லை. உடைந்த பழங்கலத் துண்டுகளும் தம் சூளையில் கெட்டுப்போன கலங்களுமே அவருக்கு ஆசிரியராயின. 1942இல் கவகிதா ஹன்தெய்ஷி, அரகாவா தொயோசோ, மிவா கியூவா ஆகியோருடன் 'கராஹினேகாய்' என்னும் குழுவை அவர் அமைத்தார். வெவ்வேறு ஊர்களின் பழைய மட்கல மரபுகளில் பணியாற்றியவர்களின் நட்புக்குழு அது. 1956இல் பிசென் கலைஞருள் முதல்வராக அவர் தேசியச் சிறப்பைப் பெற்றார்.

இவ்வரலாற்றில் மறைக்கக்கூடாத ஓர் ஏடும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் உலோகம் அருகிப்போனபோது, ஜப்பானியப் படைக்கு மட்கல எறிகுண்டுகள் செய்யும் பணி நாட்டின் புகழ்பெற்ற சூளைகள் மேல் சுமத்தப்பட்டது. அரிதா, ஷிகாராகி, சேத்தோ ஆகியவற்றோடு பிசென் சூளைகளும் அதற்கு விலக்கல்ல. மலர்ச்சாடியை ஈன்ற சூளைகளே எறிகுண்டையும் ஈன்றன. இயற்கையோடு நெருங்கிய கலை தன்னளவிலேயே அறம் உடையது என்று நம்புவோர் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். மண் எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை, தீயும் அப்படியே. மறுப்பும் ஏற்பும் மனிதனுக்கே உரியவை.

கவிதையை விட்டு மண்ணுக்கு வந்தவர்

கனேஷிகேயை அடுத்துச் சொல்லவேண்டியவர் புஜிவாரா கேய் (1899-1983). பிசென் வட்டாரத்து ஹொனாமி என்னும் சிற்றூரில் பிறந்த இவர், இளமையில் தோக்கியோவுக்குச் சென்று இலக்கியவாதியாக விரும்பியவர். பதிப்பகம் ஒன்றில் இதழாசிரியப் பணி பார்த்தார், கவிதைகள் எழுதினார், தொகுதியும் வெளியிட்டார். ஆயினும் தாம் எதிர்பார்த்த இடத்தை அவர் எழுத்து அவருக்குத் தரவில்லை. உடலும் உள்ளமும் சோர்ந்து, 1937இல் ஊர் திரும்பினார். அப்போது அவர் வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவரை மண்ணின் பக்கம் திருப்பியவரும் ஓர் இலக்கிய அறிஞரே. 'மன்யோஷூ' என்னும் பழம்பெருங் கவிதைத் தொகையை ஆராய்ந்த மசமுனே அத்சுவோ அவ்வூரில் வாழ்ந்தார். அவருடைய தூண்டுதலால், 1938இல் மிமுரா பைகெய் என்னும் குயவரிடம் புஜிவாரா பாடங்கேட்கத் தொடங்கினார். பின்னர்க் கனேஷிகேயின் வழிகாட்டுதலும் கிடைத்தது. குயவர் குடும்பத்தில் பிறந்தோர் சிறுவயதிலேயே கைக்கொள்ளும் தொழிலை, நரை தோன்றும் பருவத்தில் முதல் பாடத்திலிருந்து அவர் கற்றார்.

அவர் கலங்களில் தேநீர்க் கூடத்தின் நுட்பத்தைவிட, இடைக்கால உழவர் சாடிகளின் பருமையும் நிதானமுமே முந்தித் தோன்றுகின்றன. அகன்ற தோள், அடங்கிய வாய், தரையில் உறுதியாக அமர்ந்த அடி. திறமையைக் காட்டவேண்டும் என்னும் முனைப்பு அங்கே இல்லை. 1970இல் தேசியச் சிறப்பு அவரைத் தேடி வந்தது. அவர் மகன் புஜிவாரா யூ (1932-2001) 1996இல் அதே சிறப்பை எய்தினார்.

புஜிவாராவைத் தோற்றுப்போன கவிஞர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர் கவிதையில் தேடியது எதுவோ அதனையே மண்ணில் கண்டார் என்று கொள்வதே பொருத்தம். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் தாமே இடவேண்டியிருந்தது. சூளையிலோ தம்முடையதல்லாத ஒரு கை வந்து பாதியை எழுதியது. எனினும் அந்தக் கை எழுதிய எல்லாவற்றையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. சூளை திறந்த நாளில், எது நிற்கவேண்டும், எது உடைபடவேண்டும் என்று முடிவுசெய்யும் பொறுப்பு குயவருடையது. அடித்தலும் திருத்தலும் அறிந்த கவிஞருக்கு அப்பொறுப்பு புதியதன்று.

குகைச்சூளை

இப்போது இசேசாகி ஜுன்னிடம் திரும்புவோம். 1952இல் சிற்பி இசாமு நொகுச்சி, கிதாஒஜி ரொசாஞ்சினோடு இன்பேக்கு வந்து, கனேஷிகேயின் சூளையில் பணிசெய்தார். அவர் பிசென் மண்ணைச் சாடியாகவும் கிண்ணமாகவும் பார்க்கவில்லை. வடிவம் கொள்ளக் காத்திருக்கும் பொருளாகப் பார்த்தார். அப்போது பள்ளி மாணவராயிருந்த இசேசாகி அதைக் கண்டார். மரபு மண்ணில் இருக்கிறது, வடிவத்தில் இல்லை என்னும் உணர்வுக்கு அது வித்திட்டது எனலாம். ஒகாயாமாப் பல்கலைக்கழகத்தில் கலைக்கல்வி பயின்று 1959இல் பட்டம் பெற்றபின் அவர் முழுநேரக் குயவரானார்.

1961இல் தந்தையோடு சேர்ந்து, இடைக்காலச் சூளையிருந்த மலைச்சரிவில், பாதி மண்ணுக்குள் புதைந்த குகைச்சூளை ஒன்றை அவர் மீட்டுக் கட்டினார். பின்வந்த படிச்சூளைகள் பல அறைகளாகப் பிரிந்தவை. ஓர் அறையை முடித்து அடுத்ததற்குச் செல்லலாம். தீயை ஓரளவு ஆளலாம். குகைச்சூளையிலோ அறைகள் இல்லை. வாயிலிருந்து புகைபோக்கி வரை ஒரே குகை. தீ ஆறுபோல் ஓடிக் கலங்களைத் தழுவிச் செல்லும். சாம்பலும் அதனோடு செல்லும். விறகு மிகுதியாகச் செலவாகும். வெப்பம் சீராக இராது. சிதையும் கலங்களும் மிகுதி. சிக்கனம் கருதி முன்னோர் கைவிட்ட சூளை அது. அதை மீட்டது பழைமைப் பற்று மட்டுமன்று. இடைக்காலக் கலங்களின் மேனி அந்தச் சூளையில்லாமல் வாராது என்று கண்டு, இழப்பை அறிந்தே ஏற்றுக்கொண்ட செயல்.

இச்சூளையில் சுட்ட இசேசாகியின் கலங்களும் சிற்பங்களும் முன்னோரின் நகல்கள் அல்ல. கோணங்கள் கொண்ட மலர்ச்சாடிகள், பாறைப்பிளவை நினைவூட்டும் பலகை வடிவங்கள், நிமிர்ந்து நிற்கும் தனியுருவங்கள் எனப் பலவாறு அவர் சென்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் சூளையில் இருபதாம் நூற்றாண்டின் வடிவம் வெந்தது.

இத்தகைய கலத்தைத் தற்செயலின் விளைவு என்று சொல்வது பிழை. சூளைக்குள் கலங்களை அடுக்குவதே பல நாள் வேலை. தீ எங்கே திரும்பும், சாம்பல் எங்கே விழும், எந்தக் கலம் எந்தக் கலத்துக்கு நிழல் தரும் என்று மனத்துக்குள் சூளையை ஒருமுறை எரித்துப் பார்த்தபின்பே கலம் உள்ளே செல்லும். அவ்வளவும் எண்ணியபின் எஞ்சும் பகுதியே இயற்கைக்கு உரியது. அறிவு முடிகிற எல்லை வரை நடந்துசென்று, அங்கே கையை எடுப்பதற்குப் பெயர்தான் விட்டுக்கொடுத்தல். பாதி வழியிலேயே கையை எடுத்துவிடுவது சோம்பல்.

அருகிவரும் இயற்கை

இந்த உறவில் இயற்கையின் பக்கமும் இன்று பழையபடி இல்லை. வட அமெரிக்காவிலிருந்து வந்த நூற்புழு ஒன்று ஜப்பானியப் பைன் காடுகளை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அழித்துவருகிறது. 1905இல் நாகசாகியில் முதலில் குறிக்கப்பட்ட அந்நோய்க்குக் காரணம் அப்புழுவே என்று 1971இல்தான் உறுதியாயிற்று. மரத்துக்கு மரம் அதைச் சுமந்துசெல்வது ஒருவகை வண்டு. சூளைக்கு உயிரான செம்பைன் அந்நோய்க்கு எளிதில் இரையாகும் இனம். ஹியோசே மண்ணும் வற்றாத ஊற்றன்று. ஒருமுறை தோண்டிய வயலில் அது மீண்டும் விளைவதில்லை. கிடைக்கும்போது வாங்கி, மகனுக்கும் பேரனுக்கும் என்று சேர்த்துவைப்பது அங்குள்ள குயவர் வழக்கம். தாம் வனையப்போகாத கலத்துக்கு மண் சேர்ப்பவர்கள் அவர்கள். 2017இல் பிசென் உள்ளிட்ட ஆறு பழஞ்சூளை ஊர்களை 'ஜப்பான் மரபுச் செல்வம்' என அந்நாட்டரசு ஏற்பிசைவு செய்தது. பெருமைக்குரியதே, எனினும் மரமும் மண்ணும் இல்லாமல் பட்டயம் மட்டும் சூளையை எரிக்காது.

இந்த மரபின் ஒரு பொறி நம் கரையிலும் விழுந்ததுண்டு. பிசெனில் மட்கலக் கலை பயின்ற தெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971இல் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ்' மட்கலக் கூடத்தைத் தொடங்கினார். இந்தியாவின் இன்றைய மட்கலக் கலைஞர் பலர் அங்குப் பயின்றவர்கள். அவர்கள் வனைவது பிசென் கலமன்று. மண்ணும் விறகும் வேறு, பூச்சும் உண்டு. ஆனால் மண்ணின் குணத்தை முதலில் அறிந்து, அதன்பின்பே வடிவத்தை எண்ணும் ஒழுக்கம் கடல்கடந்து வரக்கூடியதே.

பத்தாண்டு நிறைவுகாணும் இலக்கிய வட்டத்தின் மலரில் ஜப்பானியக் குயவரைப் பற்றி எழுதுவதற்கு நியாயம் இதுவே. மரபும் இயற்கையும் நமக்குத் தாமே வந்து சேர்ந்துவிட்டவை என்று எண்ணிக்கொள்வது படைப்பாளிக்கு எளிதில் வாய்க்கும் மயக்கம். கனேஷிகே தம் புகழைக் கைவிட்டு மரபைத் தேடினார். புஜிவாரா நாற்பதை எட்டும் வயதில் மீண்டும் மாணவரானார். இசேசாகி இலாபமற்ற சூளையைத் தோண்டிக் கட்டினார். இம்மூவரும் அவ்வாறு முடிவுசெய்திராவிட்டால், இன்பேயின் வயலடியில் அதே மண் இன்றும் கிடந்திருக்கும். மலையில் அதே பைன் நின்றிருக்கும். கலம் மட்டும் இருந்திராது.